விடை ஒரு கமெண்ட்டில் இல்லை, ஒரு கிளையில் இருக்கிறது: நீண்ட விவாத இழைகளைப் படிக்க உதவும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள்

போன மழைக்காலத்தில் பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் லேப்டாப்போடு கடைக்கு வந்தார். மூடியை மூடினால் தூங்க வேண்டிய இயந்திரம் பைக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருந்தது. காலையில் முழுதாக சார்ஜ் ஏற்றினால் மதியத்துக்குள் காலி. "நெட்ல முதல் பதிலாவே இருந்துச்சு அண்ணா, அதுல சொன்னபடியே ரெஜிஸ்ட்ரியில மாத்தினேன், ஒண்ணும் நடக்கலை" என்றார். அவர் படித்த இழையை, அதாவது ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும் சேர்ந்த பக்கத்தை, திறந்து பார்த்தேன். அறுநூறு கமெண்ட்டுக்கு மேல் இருந்தது. மேலே நின்ற பதில், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'சிஎஸ் எனேபிள்ட்' என்ற மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொன்னது. எழுதப்பட்ட காலத்தில் அது சரியான பதில்தான். ஆனால் 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்குப் பிறகு அந்த மதிப்பு வேலை செய்வதில்லை.

அந்தப் பதிலுக்குக் கீழே நான்காம் அடுக்கில் ஒருவர் இதைச் சொல்லி, அதற்குப் பதிலாக 'பிளாட்ஃபார்ம் ஏஓஏசி ஓவர்ரைடு' என்ற மதிப்பைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர், 'இயந்திரத்தின் பயாஸ் பழைய எஸ்3 தூக்க முறையை ஆதரித்தால் மட்டும் செய்யுங்கள், பவர்சிஎஃப்ஜி கட்டளை போட்டு முதலில் பாருங்கள்' என்று எச்சரித்திருந்தார். பயாஸ் என்பது இயந்திரம் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல், எந்தத் தூக்க முறைகள் இருக்கின்றன என்பதை அந்தக் கட்டளை காட்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விடை. முதலாவதை மட்டும் படித்தவருக்கு வேலை நடக்காது. இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டவர், எஸ்3 இல்லாத இயந்திரத்தில் அதைச் செய்துவிட்டு, மூடியைத் திறந்தால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

தர்மபுரியில் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிற எனக்கு இப்படிப்பட்ட இழைகள்தான் பாடப்புத்தகம். விடை ஒரு கமெண்ட்டில் கிடைப்பது அபூர்வம். ஒருவர் சொன்னது, அதற்கு வந்த மறுப்பு, மறுப்புக்குப் போட்ட நிபந்தனை எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கிளையில்தான் விடை இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரில் நாம் சேர்க்கும் சிறு கூடுதல் நிரல்) நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: அந்தக் கிளையை எனக்குத் தெளிவாகக் காட்டுகிறதா, அல்லது பக்கத்தை அழகாக்குவதோடு நின்றுவிடுகிறதா?

படி 1: இழையின் வடிவத்தைப் பாருங்கள்

எல்லா விவாதமும் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருக்காது. ரெடிட், ஹேக்கர் நியூஸ் என்ற விவாதத் தளங்கள் இரண்டும் மர வடிவம். ஒரு கமெண்ட்டுக்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில் என்று உள்தள்ளி உள்தள்ளிப் போகும். மென்பொருள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் பிழைகளைப் பேசும் பக்கங்கள் நேர்க்கோட்டு வடிவம். வந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், யார் யாருக்குச் சொன்னார் என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். யூடியூப் இரண்டுக்கும் நடுவே. கமெண்ட் ஒரு அடுக்கு, அதன் கீழ் பதில்கள் கட்டாக மடங்கிக் கிடக்கும்.

மர வடிவத்தில் நமக்கு வேண்டியது மடக்குவதும் தாவுவதும். நேர்க்கோட்டில் வேண்டியது சலிப்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எக்ஸ்டென்ஷன் தேடினால் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பிரவுசர்தான் கனத்துப்போகும்.

மேலே நிற்கும் கமெண்ட் ஏன் மேலே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆதரவு வாக்கிலிருந்து எதிர் வாக்கைக் கழித்து வரிசைப்படுத்தினால், முதலில் வந்தவருக்கே வாய்ப்பு அதிகம். விடியற்காலையில் தக்காளி மண்டிக்கு முதலில் வந்த கூடையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடுவது போல, முதலில் வந்ததைப் பலர் பார்க்கிறார்கள், பார்ப்பதால் வாக்கு விழுகிறது, வாக்கு விழுவதால் இன்னும் மேலே போகிறது. இதைச் சரிசெய்ய ரெடிட் 2009-இல் 'பெஸ்ட்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. மொத்த வாக்குக் கணக்கை விட்டுவிட்டு, விழுந்த வாக்குகளில் எத்தனை பங்கு ஆதரவு, அந்தப் பங்கை எவ்வளவு நம்பலாம் என்று புள்ளியியல் முறையில் கணக்கிடுகிறது. தாமதமாக வந்த நல்ல பதிலுக்கும் அதில் ஒரு வழி உண்டு. ஆனால் எந்தக் கணக்குக்கும், போன வருடம் சரியாக இருந்த பதில் இந்த வருடம் செல்லாமல் போனது தெரியாது. வாக்குப் போட்டவர்கள் திரும்பி வந்து தங்கள் வாக்கை மாற்றுவதில்லை.

படி 2: எக்ஸ்டென்ஷன் இல்லாமலே முடிவது எவ்வளவு?

நிறைய முடியும். முதலில் வரிசையை மாற்றிப் பாருங்கள். தொழில்நுட்பக் கேள்விக்கு நான் முதலில் 'பெஸ்ட்', அடுத்து 'நியூ' என்று இரண்டு முறை பார்ப்பேன். பழைய இழையில் கடைசியாக வந்த பத்துக் கமெண்ட்டும் பெரும்பாலும் 'மேலே சொன்னது இப்போது வேலை செய்யவில்லை' என்று தொடங்குபவை. தேடி வந்து ஏமாந்தவர்கள் எழுதியவை அவை. எனக்கு அவைதான் முக்கியம்.

ஹேக்கர் நியூஸில் ஒவ்வொரு கமெண்ட்டின் தலைவரியிலும் சிறிய எழுத்தில் 'பேரன்ட்', 'நெக்ஸ்ட்', 'ப்ரீவ்', 'ரூட்' என்ற இணைப்புகள் இருக்கின்றன. வருடக்கணக்காகப் படிப்பவர்கள் பலர் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. 'நெக்ஸ்ட்' அழுத்தினால் இந்தக் கிளை முழுவதையும் தாண்டி அடுத்த கிளையின் தொடக்கத்துக்குப் போய்விடலாம். 'ரூட்' அழுத்தினால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ அந்த இடத்துக்கு வரலாம். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு கோடு, கிளையை மடக்கும்.

கன்ட்ரோல் + எஃப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள், 'இல்லை' என்று வருகிறது, அந்த இழையில் அந்தப் பேச்சே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரவுசர் தேடுவது திரைக்கு வந்து சேர்ந்த எழுத்தை மட்டும்தான். ரெடிட் நீண்ட இழையின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு மீதியை 'லோட் மோர் கமெண்ட்ஸ்' என்ற இணைப்புக்குப் பின்னால் வைத்திருக்கும். ஆழமான கிளையை 'கன்டின்யூ திஸ் த்ரெட்' என்று வெட்டி வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடும். கிட்ஹப்பும் நீளமான பக்கத்தின் நடுப்பகுதியை மறைத்து வைக்கும். யூடியூபில் கீழே உருட்ட உருட்டத்தான் கமெண்ட்டே வரும். நீங்களே மடக்கி வைத்த கிளைக்குள்ளும் தேடல் நுழையாது. அதனால் வரிசை இதுதான்: முதலில் எல்லாவற்றையும் விரியுங்கள், பிறகு தேடுங்கள், கடைசியாக மடக்குங்கள். பழைய ரெடிட்டில் கணக்கின் விருப்பங்கள் பக்கத்துக்குப் போய், ஒரே நேரத்தில் காட்டும் கமெண்ட் எண்ணிக்கையை 500 என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

படி 3: போடும் முன் ஒரு சோதனை

எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஆபத்து எங்கே என்பதும் புரியும். தளத்திலிருந்து பக்கம் உங்கள் பிரவுசருக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பக்கத்தின் மேல் எக்ஸ்டென்ஷன் கை வைக்கிறது. நிறம் மாற்றுகிறது, பொத்தான் சேர்க்கிறது, ஒன்றை மறைக்கிறது. 2023-இல் ரெடிட் தன் ஏபிஐ-க்கு (வெளிச் செயலிகள் தளத்தின் தகவலை நேரடியாக எடுக்கும் வழி) கட்டணம் வைத்தபோது அப்போலோ போன்ற வெளிச் செயலிகள் ஜூன் கடைசியில் மூடிக்கொண்டன. எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த அடி பெரிதாக விழாததற்கு இந்த அமைப்புதான் காரணம். ஆனால் பக்கத்தில் கை வைக்க அனுமதி கொடுத்தால், பக்கத்தில் உள்ள அனைத்தையும் படிக்கவும் அனுமதி கொடுத்தது போலத்தான். வங்கிக் கணக்கைத் திறந்தாலும் அது பக்கம்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தளங்களின் தோற்றத்தை மாற்ற லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்த ஸ்டைலிஷ் என்ற எக்ஸ்டென்ஷன், பயன்படுத்துபவர் எந்தெந்தப் பக்கம் போகிறார் என்ற விவரத்தைச் சேகரித்து அனுப்பியது 2018-இல் வெளிவந்தது. குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் அதைத் தங்கள் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து நீக்கின. டேப்களைத் தூங்க வைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' இன்னும் மோசம். எழுதியவர் 2020-இல் அதை வேறு ஒருவருக்குக் கைமாற்றினார், 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. நல்ல மனதோடு தொடங்கியதே கைமாறிய பிறகு இப்படி ஆகலாம்.

அதனால் என் கடையில் யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் இவற்றைச் செய்கிறேன். அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் எடுக்கிறேன். நிரல் பொதுவெளியில் திறந்திருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்கிறேன். அனுமதிப் பெட்டி வரும்போது நிதானமாகப் படிக்கிறேன். ரெடிட்டுக்கான கருவி ரெடிட்டை மட்டும் கேட்டால் நியாயம். 'எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று கேட்டால் ஏன் என்று யோசிக்க வேண்டும். குரோமில் எக்ஸ்டென்ஷனின் ஐகானை வலது கிளிக் செய்தால், எந்தத் தளத்தில் அது இயங்கலாம் என்று நாமே கட்டுப்படுத்தலாம். 'குறிப்பிட்ட தளத்தில் மட்டும்' என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, படிப்பதற்கென்று தனி ப்ரொஃபைல். குரோமிலும் எட்ஜிலும் மேல் மூலையில் உள்ள படத்தை அழுத்திப் புதிய ப்ரொஃபைல் உருவாக்கலாம். இ-சேவை, வங்கி, அரசுத் தேர்வு விண்ணப்பம் எல்லாம் ஒரு ப்ரொஃபைலில், எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் இல்லாமல். விவாதம் படிப்பது இன்னொன்றில். ஒரு நிமிட வேலைதான், இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போனில் படிப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் தன் எக்ஸ்டென்ஷன் கடையைப் பரவலாகத் திறந்துவிட்டது, அதில் போடலாம். ஆனால் கீழே வரும் வசதிகளில் பாதி கீபோர்டை நம்பியவை. நீண்ட இழைக்கு லேப்டாப்தான் சரி.

படி 4: ரெடிட்

இங்கேதான் கருவிகள் அதிகம், இழைகளும் மிக ஆழம். இரண்டு பகுதியாகச் செய்ய வேண்டும்.

முதலில் பழைய தோற்றத்துக்கு மாறுங்கள். முகவரியில் தொடக்கத்தில் இருக்கும் மூன்று டபிள்யூவை எடுத்துவிட்டு 'ஓல்டு' (old) என்று போட்டால் பழைய பக்கம் திறக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இதைச் செய்வது சலிப்பு. 'ஓல்டு ரெடிட் ரீடைரக்ட்' என்ற சிறிய எக்ஸ்டென்ஷன் தானாகவே திருப்பிவிடும். பழைய பக்கம் பார்க்க வறண்டுதான் இருக்கும், ஆனால் ஒரு திரையில் அதிக வரிகள் தெரியும், உள்தள்ளல் தெளிவாக இருக்கும். அடுத்துச் சொல்லப்போகும் கருவியும் பெரும்பாலும் பழைய பக்கத்தை நம்பித்தான் எழுதப்பட்டது.

அந்தக் கருவி ரெடிட் என்ஹான்ஸ்மென்ட் சூட், சுருக்கமாக ஆர்இஎஸ். இலவசம், திறந்த நிரல். புதிய வசதிகள் சேர்ப்பது நின்று பராமரிப்பு மட்டும் நடக்கிறது என்றாலும், மரத்தில் ஏறி இறங்குவதற்கு இதைப்போல இன்னொன்றை நான் பார்க்கவில்லை. போட்டவுடன் மேல் மூலையில் ஒரு பற்சக்கரம் வரும். அமைப்புகள் கடல் போல இருக்கும், அதில் இறங்கிவிடாதீர்கள். முதல் வாரத்துக்குக் கீபோர்டு மட்டும் போதும்.

ஜே அடுத்த கமெண்ட், கே முந்தைய கமெண்ட். என்டர் அழுத்தினால் நிற்கும் கிளை மடங்கும், மறுபடி அழுத்தினால் விரியும். ஷிஃப்ட் + ஜே அழுத்தினால் குழந்தைகளையெல்லாம் தாண்டி அதே மட்டத்தில் உள்ள அடுத்த உடன்பிறப்புக்குப் போகலாம், ஷிஃப்ட் + கே அப்படியே மேல்நோக்கி. பி (P) அழுத்தினால் இந்தப் பதில் யாருக்குச் சொல்லப்பட்டதோ அந்தத் தாய்க் கமெண்ட். டி (T) அழுத்தினால் கிளையின் உச்சி. மறந்துபோனால் கேள்விக்குறியை அழுத்துங்கள், முழுப் பட்டியலும் திரையில் வரும். பிடிக்காத விசையை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

எழுதிப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிறது. கையில் பழகிய பிறகு படிக்கும் விதமே மாறுகிறது. முன்பெல்லாம் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, கண்ணில் பட்டதைப் படித்துக்கொண்டு போவேன். இப்போது ஷிஃப்ட் + ஜே தட்டிக்கொண்டே தாய்க் கமெண்ட்டுகளை மட்டும் ஒரு சுற்று பார்க்கிறேன். மாந்தோப்பில் காய் பார்க்கப் போகிறவர் முதலில் அடிமரத்துக் கவைகளைத்தான் பார்ப்பார், நுனிக் கொம்பை அல்ல. எந்தக் கவை நம் கேள்வியைத் தொடுகிறதோ அதில் மட்டும் ஏறுகிறேன், மற்றதை மடக்கிவிடுகிறேன். ஒரே அழுத்தில் எல்லாப் பதில்களையும் மறைக்க 'ஹைட் ஆல் சைல்டு கமெண்ட்ஸ்' என்ற இணைப்பும் ஆர்இஎஸ்ஸில் வருகிறது.

கிளைக்குள் இறங்கிய பிறகு பி விசைதான் உயிர். ஏழாம் அடுக்கில் ஒருவர் 'இல்லை, அது தவறு' என்று மட்டும் எழுதியிருப்பார். எது தவறு? தாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். 'பேரன்ட்' என்ற இணைப்பின் மேல் சுட்டியை வைத்தாலே தாய்க் கமெண்ட்டை ஒரு சிறு பெட்டியில் காட்டும் வசதியும் உண்டு, இடத்தை விட்டு நகரவே வேண்டாம். பாலக்கோட்டு மாணவியின் இழையில் அந்த எச்சரிக்கை எதைப் பற்றியது என்று எனக்கு இப்படித்தான் புரிந்தது.

மேலும் மூன்று வசதிகளை அப்புறம் பழகிக்கொள்ளலாம். ஒன்று, பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு அட்டை ஐகான். அதை அழுத்தி ஒருவருக்கு நிறத்தோடு குறிப்பு எழுதி வைக்கலாம். 'போர்டு வேலை நன்றாகத் தெரிந்தவர்' என்று நான் ஐம்பது பேருக்காவது எழுதி வைத்திருப்பேன். அடுத்த முறை வேறு இழையில் அவர் எழுதினாலும் அந்தக் குறிப்பு தெரியும், கண் அங்கே நிற்கும். இரண்டு, போன முறை பார்த்த பிறகு எத்தனை புதிய கமெண்ட் வந்திருக்கிறது என்று பட்டியலிலேயே காட்டும் எண்ணிக்கை. மூன்று, 'என்' (N) விசையை அழுத்தினால் வரும் வழிகாட்டிப் பெட்டி. அதில் கேள்வி கேட்டவர் எழுதிய கமெண்ட்டுகளுக்கு மட்டும் தாவலாம். பழுது கேட்டவர் கடைசியில் 'சரியாகிவிட்டது, இதைத்தான் செய்தேன்' என்று எழுதியிருக்கிறாரா என்று பார்க்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

படி 5: ஹேக்கர் நியூஸ்

2007-இல் தொடங்கிய இந்தத் தளம் இன்றும் ஏறக்குறைய அதே எளிய தோற்றத்தோடு இருக்கிறது. ஓசூர், பெங்களூரு பக்கம் மென்பொருள் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் தினமும் படிக்கிறார்கள். இங்கே பிரச்சினை ஆழமல்ல, நேரம். காலையில் ஐம்பது கமெண்ட் இருந்த இழை இரவுக்குள் ஐந்நூறாகும். புதியவை கீழே வராது, மரத்தின் எல்லாக் கிளையிலும் சிதறி முளைத்திருக்கும். திரும்பி வந்தவருக்கு எது பழையது எது புதியது என்றே தெரியாது.

'கமெண்ட்ஸ் அவ்ல் ஃபார் ஹேக்கர் நியூஸ்' இதற்கென்றே எழுதப்பட்டது. நீங்கள் கடைசியாக வந்த நேரத்தை நினைவில் வைத்து, அதற்குப் பிறகு வந்தவற்றை நிறம் காட்டும். புதிது எதுவும் இல்லாத கிளைகளை மடக்கியும் வைக்கும். தொடர்ந்து வம்பு செய்பவரை மறைக்கலாம், ஒருவரைப் பற்றிக் குறிப்பும் எழுதி வைக்கலாம். ஒரே இழையை இரண்டு மூன்று முறை பார்ப்பவர்களுக்கு மட்டுமே இதன் பயன் தெரியும். ஒரு முறை படித்துவிட்டுப் போகிறவருக்கு முன்பு சொன்ன 'நெக்ஸ்ட்', 'ரூட்' இணைப்புகளே போதும், எதையும் போட வேண்டாம்.

படி 6: கிட்ஹப்

நிரல் எழுதுபவர்கள் பிழைகளைப் பேசும் இடம். நேர்க்கோட்டு வடிவம். 'எனக்கும் இதே பிரச்சினை', 'பிளஸ் ஒன்' என்று ஆயிரம் பேர் எழுதினால் நடுவில் உள்ள ஒரே ஒரு தீர்வு புதைந்துபோகும். 2016 ஜனவரியில் திறந்த நிரல் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி இதையும் ஒரு குறையாகச் சொன்னார்கள். அந்த மார்ச்சில் கட்டைவிரல் போன்ற எமோஜி வாக்குகள் வந்தன. அந்த வாக்குகளை வைத்துத்தான் இன்று நாம் சலிக்கிறோம்.

'ரீஃபைன்டு கிட்ஹப்' போட்டால், அதிக வாக்கு வாங்கிய கமெண்ட்டுக்குத் தாவ மேலேயே ஓர் இணைப்பு வந்துவிடும், வெறும் 'பிளஸ் ஒன்' கமெண்ட்டுகள் மறைந்துவிடும். இது சிறு மாற்றங்கள் நிறைந்த பெரிய கருவி. சில வசதிகளுக்கு உங்கள் கணக்கின் டோக்கன் (கணக்கில் நுழைய உதவும் ரகசியச் சாவி) கேட்கும். படிப்பதற்கு மட்டும் என்றால் டோக்கன் இல்லாமலே வைத்துக்கொள்ளுங்கள்.

தாவிப்போன கமெண்ட்டோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே உள்ள ஐந்தாறையும் கட்டாயம் படியுங்கள். நேர்க்கோட்டில் மறுப்பு உள்தள்ளி நிற்காது, அடுத்த வரிசையில்தான் நிற்கும்.

படி 7: எந்தத் தளத்துக்கும் பொதுவானவை

விமியம் என்ற எக்ஸ்டென்ஷன், சுட்டியே தொடாமல் எந்தப் பக்கத்தையும் கீபோர்டில் நடத்த உதவுகிறது. எஃப் அழுத்தினால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் சிறு எழுத்து வரும், அந்த எழுத்தைத் தட்டினால் இணைப்பு திறக்கும். எனக்கு அதில் பிடித்தது அடையாளம் வைப்பது. எம் தட்டி ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த இடம் நினைவில் இருக்கும், பேக்டிக் குறியோடு (`) அதே எழுத்தைத் தட்டினால் திரும்ப அங்கே. நீண்ட இழையில் இரண்டு கிளைகளை ஒப்பிட்டுப் படிக்க நல்ல வசதி.

ஒரு எச்சரிக்கை: விமியமும் ஜே, கே விசைகளைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆர்இஎஸ்ஸும் அதே. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று முட்டும். 'எக்ஸ்டென்ஷன் போட்டேன், வேலை செய்யலை' என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விமியத்தின் அமைப்புகளில் ரெடிட்டை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பக்கவாட்டுக் குப்பைகளை நீக்க யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். பயர்பாக்ஸில் அதன் முழு வடிவம் இருக்கிறது. வேண்டாத கட்டத்தை வலது கிளிக் செய்து 'பிளாக் எலிமென்ட்' கொடுத்தால் அது இனி வராது. குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால், அதில் லைட் என்ற குறைந்த வடிவம்தான்.

படி 8: தமிழில் நடக்கும் விவாதங்கள்

சொட்டுநீர்ப் பாசனம், மோட்டார் பழுது, தக்காளி இலைச்சுருட்டு பற்றி நம் விவசாயிகள் நல்ல விவரங்களை யூடியூப் கமெண்ட்டுகளில் எழுதுகிறார்கள். அனுபவத்திலிருந்து வரும் அந்த வரிகளை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. தேடுவதுதான் பாடு. எந்த எக்ஸ்டென்ஷனும் இங்கே முழுதாக உதவாது, நம் மொழியின் இயல்பைத் தெரிந்து தேட வேண்டும்.

முதலாவது, பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். தக்காளி என்ற சொல்லையே மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். அதனால் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் சொல்லின் நடுத்துண்டை மட்டும் வைத்து ஒரு முறை தேடுங்கள். இரண்டாவது, வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் உருவம் மாறும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரத்துக்கு' வராது. 'மர' என்று தேடினால் எல்லாம் வரும். அதேபோல 'சொட்டுநீர்' என்று தேடாமல் 'சொட்டு' என்று தேடுங்கள். ஒருவர் இடைவெளி விட்டு எழுதியிருப்பார், ஒருவர் சேர்த்து எழுதியிருப்பார். மூன்றாவது, வரிசையை 'நியூஸ்ட் ஃபர்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை நன்றாகக் கீழே உருட்டி, பதில் கட்டுகளையும் விரித்த பிறகே தேடலைத் தொடங்குங்கள்.

எழுத்து சிறிதாகி உயிர்மெய்க் குறிகள் கலங்கித் தெரிந்தால், ஸ்டைலஸ் என்ற திறந்த நிரல் எக்ஸ்டென்ஷனில் அந்தத் தளத்துக்கு மட்டும் எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் கூட்டிக்கொள்ளலாம். முன்பு சொன்ன ஸ்டைலிஷ் வேறு, இது வேறு. பெயரைச் சரிபார்த்து எடுங்கள்.

படி 9: கண்டுபிடித்ததைப் பிடித்து வைத்தல்

இழையின் முகவரியை மட்டும் சேமித்தால் அடுத்த வாரம் மறுபடி அறுநூறு கமெண்ட்டில் தேட வேண்டும். கமெண்ட்டின் சொந்த முகவரியை எடுங்கள். ஹேக்கர் நியூஸிலும் கிட்ஹப்பிலும் கமெண்ட் எழுதிய நேரத்தின் மேல் அழுத்தினால் கிடைக்கும், பழைய ரெடிட்டில் 'பர்மாலிங்க்'. குரோமில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் 'காப்பி லிங்க் டு ஹைலைட்' கொடுத்தால், திறப்பவருக்கு அந்த வரியே நிறத்தோடு தெரியும். ஆனால் விரித்த பிறகு மட்டும் வரும் கமெண்ட்டில் இது வேலை செய்யாது.

முக்கியமான இழை என்றால் முகவரியை மட்டும் நான் நம்புவதில்லை. எழுதியவரே அழித்துவிடுவார், கிளையின் நடுவில் 'டிலீட்டட்' என்று ஓட்டை விழும், மேலும் கீழும் பொருள் புரியாமல் போகும். சிங்கிள்ஃபைல் என்ற எக்ஸ்டென்ஷன் பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கித் தரும். எல்லாக் கிளையையும் விரித்துவிட்டு அதை அழுத்துங்கள், திரையில் இருந்தது அப்படியே கோப்பில் இருக்கும். மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்த நேரத்தில் அந்தக் கோப்புகளை வைத்துப் பல வேலைகளை முடித்திருக்கிறேன். அந்த மாணவியின் இழையும் என் டிரைவில் இருக்கிறது. பிறகு அதே தொல்லையோடு வந்த இரண்டு லேப்டாப்புகளுக்கு அதைத் திறந்து, எஸ்3 ஆதரவு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒன்றில் இருந்தது, மாற்றிக் கொடுத்தேன். இன்னொன்றில் இல்லை, மூடினால் தூங்குவதற்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி வைத்துக் கொடுத்தேன்.

ஃபார்மட் செய்யும் முன்

விண்டோஸை மறுபடி ஏற்றக் கொண்டுவருபவர்கள் போட்டோவையும் கோப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், பிரவுசரை மறந்துவிடுகிறார்கள். ஆர்இஎஸ்ஸில் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள் உங்கள் கணினிக்குள்தான் இருக்கின்றன, ரெடிட் கணக்கில் இல்லை. கணினியை ஃபார்மட் செய்தாலும் எக்ஸ்டென்ஷனை நீக்கினாலும் அவை போய்விடும். அமைப்புகளில் 'பேக்கப் அண்டு ரீஸ்டோர்' என்ற பகுதிக்குப் போய் ஒரு கோப்பாக இறக்கி, பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டு வையுங்கள். ஸ்டைலஸின் அமைப்புகளிலும் ஏற்றுமதிப் பொத்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் கணினியைக் கொடுக்கும்போதே இதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.